பழுதின் எல்லை

தரவு மைய வலையமைப்பின் வரைபடத்தை யாராவது என் முன் விரித்தால், அதில் ஏதாவது ஒரு கோட்டின் மீது விரலை வைத்து, "இது இப்போது அறுந்தால் யார் யாருக்கு வேலை நிற்கும்?" என்று கேட்பது என் வழக்கம். அடுத்து ஒரு பெட்டியின் மீது விரலை வைத்து அதே கேள்வியைக் கேட்பேன். மூன்றாவதாக, "இது முழுவதும் சாகாமல் பாதி உயிரோடு கிடந்தால்?" என்று கேட்பேன். முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். மூன்றாவதில்தான் அறை அமைதியாகும். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கேபிள் அறுவதையும், மின்வழங்கி கருகுவதையும், மென்பொருள் பிழையையும் எவராலும் முழுமையாகத் தடுக்க முடியாது. வந்த பழுது எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே முடிவுசெய்வது மட்டும் நம் கையில் இருக்கிறது. வலையமைப்பு வடிவமைப்பு என்று நான் கருதுவது இந்த முடிவைத்தான்.

தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு நிறுவனத்தின் இரண்டு தரவு மையங்களும் ஒரே இரவில் முடங்கியதை அருகில் இருந்து பார்த்தேன். கருவிகளை அடுக்கும் ரேக் ஒன்றை இடம் மாற்றிக்கொண்டிருந்தவர், தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிளின் இரு முனைகளையும் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரே சிறிய ஸ்விட்சின் இரண்டு போர்ட்களில் (செருகுவாய்களில்) செருகிவிட்டார். ஏதோ பழைய தேவைக்காக அந்த ஸ்விட்சில், இத்தகைய வளையங்களைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஐபி பாக்கெட்டில், அதாவது முகவரியோடு பயணிக்கும் தரவுப் பொட்டலத்தில், டிடிஎல் என்று ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் அது ஒன்று குறைந்து, பூச்சியத்தைத் தொட்டதும் பாக்கெட் கைவிடப்படும். அந்தப் பாக்கெட்டைச் சுமக்கும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் எதுவும் எழுதப்படவில்லை. வளையம் ஒன்று கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் ஃபிரேம் அதில் நிற்காமல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த விலானில் (ஒரே வலையமைப்பாக இயங்கும் பகுதியில்) உள்ள எல்லாப் போர்ட்களுக்கும் ஒரு நகலை அனுப்பிக்கொண்டே இருக்கும். 10 கிகாபிட் இணைப்பு ஒன்று 64 பைட் ஃபிரேம்களால் நிரம்பினால், விநாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் ஃபிரேம்கள் பாயும். அந்த வெள்ளத்தை ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு ஸ்விட்சும் வாங்கிப் பார்த்தாக வேண்டும்.

எங்கள் திரைகளில் முதலில் தெரிந்தது ஒன்றுமில்லை என்பதுதான் கொடுமை. கண்காணிப்பு மென்பொருளும் அதே வலையமைப்பின் வழியாகத்தான் ஸ்விட்சுகளோடு பேசியது. ஆகவே எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாகின. உள்நுழைய முயன்றால் கடவுச்சொல் கேட்கும் இடத்துக்குக்கூடப் போகவில்லை. மடிக்கணினியையும் ஸ்விட்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளையும் எடுத்துக்கொண்டு ரேக் வரிசைக்குப் போனோம். எல்லா ஸ்விட்சுகளின் முகப்பிலும் எல்லா விளக்குகளும் தனித்தனியாகச் சிமிட்டாமல் ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தன. அந்தக் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. இரண்டு தரவு மையங்களுக்கும் இடையே விலான்களைச் சுமந்துகொண்டிருந்த இணைப்பை மூத்த பொறியாளர் ஒருவர் கையால் பிடுங்கினார். ஒரு நிமிடத்துக்குள் மறு மையம் தெளிந்தது. இந்தப் பக்கத்தில் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காரணத்தைக் கண்டுபிடிக்க மேலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மறுநாள் கூட்டத்தில் எல்லோரும் கேட்டது, "அந்தக் கேபிளைச் செருகியது யார்?" என்பதுதான். அந்தக் கேள்வி நியாயமற்றது என்று அன்றே தோன்றியது. எடுத்துச் சொல்லும் துணிவுதான் இருக்கவில்லை. ஒரு முழம் நீளக் கேபிள் தன் ரேக்கை மட்டும் கெடுத்திருந்தால் அது ஒரு சின்னத் தவறு. இரண்டு கட்டடங்களையும் அது வீழ்த்தியது என்றால், அந்தத் தவறு பல ஆண்டுகளுக்கு முன்பே வரைபடத்தில் செய்யப்பட்டுவிட்டது.

அப்படி வரைந்தவர்களையும் குறை சொல்ல முடியாது. ராடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை, வளையங்கள் உள்ள ஈதர்நெட் வலையமைப்பில் சில இணைப்புகளைத் தானாகவே முடக்கி, அதைக் கிளைகள் மட்டும் உள்ள மரமாக மாற்றியது. அந்தக் காலத்தின் தேவைக்கு அது அருமையான தீர்வு. ஆனால் அதன் பாதுகாப்பு, எல்லா ஸ்விட்சும் ஒழுங்காகப் பேசும் வரையில் மட்டுமே. ஒரு ஸ்விட்சின் செயலி திணறி, கட்டுப்பாட்டுச் செய்திகளை அனுப்பத் தவறினால், முடக்கி வைத்திருந்த பக்கத்து ஸ்விட்ச் "எதிரே யாரும் இல்லை" என்று கருதி இணைப்பைத் திறந்துவிடும். காக்க வேண்டிய கதவு ஆபத்து நேரத்தில்தான் திறக்கும். இதற்கிடையே மெய்நிகர் கணினிகள் வந்தன. ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்கு ஓடும்போதே இடம் மாறும் வசதி எல்லோரையும் ஈர்த்தது. ஐபி முகவரி மாறாமல் இடம் மாற வேண்டுமென்றால் அதே விலான் இரு இடத்திலும் இருக்க வேண்டும். ஆகவே ரேக்கைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, கடைசியில் கட்டடத்தையும் தாண்டி விலான்கள் நீண்டன. ஒவ்வொரு நீட்டலுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்தபோது, எங்கும் ஒரு தடுப்புச்சுவர்கூட இல்லாத ஒரே பெரிய அறையாக வலையமைப்பு ஆகிவிட்டிருந்தது.

இன்று பெரும்பாலோர் கட்டும் ஸ்பைன்–லீஃப் அமைப்பின் மூலக் கருத்து கணினி வலையமைப்புகளைவிடப் பழையது. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சார்லஸ் குளோ (Clos), தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1953-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், சிறிய ஸ்விட்சுகளைப் பல அடுக்குகளாகக் கோத்தால் ஒரு மாபெரும் ஸ்விட்சின் வேலையைச் செய்ய வைக்கலாம் என்று கணக்கோடு காட்டினார். நம் தரவு மையத்தில் அது இப்படி வருகிறது: ஒவ்வொரு ரேக்கிலும் லீஃப் என்ற ஸ்விட்ச் ஒன்று அல்லது ஓர் இணை; ஒவ்வொரு லீஃபும் ஸ்பைன் எனப்படும் மேலடுக்கு ஸ்விட்சுகள் எல்லாவற்றோடும் இணையும்; லீஃபுகள் ஒன்றோடொன்று இணைவதில்லை, ஸ்பைன்களும் அப்படியே. எந்த ரேக்கிலிருந்து எந்த ரேக்குக்குப் போனாலும் தூரம் ஒன்றுதான். இணைப்புகள் எல்லாம் ஐபி வழித்தடங்களாக இருப்பதால் எதையும் முடக்கி வைக்க வேண்டியதில்லை.

இந்த அமைப்பை வேகத்துக்காகப் புகழ்வார்கள். என்னை ஈர்த்தது இதன் வகுத்தல் கணக்கு. 25 கிகாபிட் போர்ட்கள் 48 உள்ள ஒரு லீஃபை எடுத்துக்கொள்வோம். சர்வர் பக்கம் மொத்தம் 1,200 கிகாபிட். மேலே 100 கிகாபிட் இணைப்புகள் 8, அதாவது 800 கிகாபிட். விகிதம் 1.5-க்கு 1. அந்த எட்டும் நான்கு ஸ்பைன்களுக்கு இரண்டிரண்டாகப் போகின்றன. ஒரு ஸ்பைன் செத்தால் 600 கிகாபிட் எஞ்சும். விகிதம் 2-க்கு 1 ஆகும். பெரும்பாலான நிறுவனங்களின் சர்வர்கள் அதை உணரக்கூட மாட்டா. இதையே இரண்டு பெரிய ஸ்பைன்களால் கட்டியிருந்தால், ஒன்று சாயும்போது பாதி வலுவும் போய்விடும். மிஞ்சியிருக்கும் அந்த ஒற்றைக் கருவியைத் தொட எவருக்கும் கை வராது. விலை ஒன்றாகவே இருந்தாலும், இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் பதில் நான்கு சிறிய பெட்டிகளையே நான் எப்போதும் கேட்பேன். பெரிய மாடுலர் கருவிகளில் எல்லாமே இரட்டிப்பாக இருக்கிறது என்பார்கள்: இரண்டு கட்டுப்பாட்டு அட்டைகள், நான்கு மின்வழங்கிகள், பல ஃபேப்ரிக் அட்டைகள். அவை அத்தனையும் ஒரே மென்பொருளின் கீழ் ஓடுகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். நான்கு தனிக் கருவிகளில் ஒன்று குழம்பினால் மற்ற மூன்றுக்கும் அது தெரியவே தெரியாது. அந்த அறியாமையே அவற்றின் பாதுகாப்பு.

இந்த வழித்தடங்களை அறிவிக்க எந்த நெறிமுறை என்பது அடுத்த கேள்வி. இணையத்தின் பெரிய நிறுவனங்களை இணைக்கப் பயன்படும் பிஜிபியைத் தரவு மையத்துக்குள்ளேயே ஓடவிடலாம் என்பதை, மிகப் பெரிய மையங்களை நடத்தியவர்கள் 2016-இல் ஆர்எஃப்சி 7938 என்ற ஆவணமாக எழுதி வைத்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விவரம். ஒவ்வொரு லீஃபுக்கும் தனி ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு வலையமைப்பை அடையாளம் காட்டும் எண்). ஸ்பைன்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே எண். இதனால், ஒரு ஸ்பைனிலிருந்து லீஃபுக்கு இறங்கி, அங்கிருந்து மீண்டும் வேறொரு ஸ்பைனுக்கு ஏற முயலும் வழித்தடத்தை அந்த ஸ்பைன் ஏற்காது. கடந்துவந்த ஏஎஸ் எண்களின் பட்டியலில் தன் எண்ணே ஏற்கெனவே இருக்கிறதே. ஒரு ரேக் அறுந்துபோகும்போது, அதற்கான வழியைத் தேடி வலையமைப்பு முழுவதும் அலைபாய்வதை இந்த எண் ஒதுக்கீடு ஒன்றே தடுத்துவிடுகிறது. கூடுதல் நெறிமுறை இல்லை, கூடுதல் மென்பொருள் இல்லை. எண்களை எப்படிக் கொடுப்பது என்று யோசித்ததில் மட்டும் ஓர் எல்லை பிறந்துவிட்டது.

ஆனாலும் ஒரே விலானை இரண்டு ரேக்குகளில் கேட்கும் பயன்பாடுகள் மறையவில்லை. அவற்றுக்காக விஎக்ஸ்லான் இருக்கிறது: ஈதர்நெட் ஃபிரேமை அப்படியே யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து, ஐபி வழித்தடத்தின் மேல் அனுப்பும் முறை. விலான் எண்ணுக்கு 12 பிட்கள்தான், ஆகவே பயன்படுத்தக்கூடியவை 4,094. விஎக்ஸ்லானில் 24 பிட்கள், ஏறத்தாழ 1.68 கோடி. எந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) எந்த லீஃபின் பின்னால் இருக்கிறது என்பதை பிஜிபியின் ஈவிபிஎன் விரிவு வழியாக லீஃபுகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். எல்லாத் திசையிலும் கூவிக் கண்டுபிடிக்கும் வேலை பெருமளவு குறைகிறது. இது நல்ல தொழில்நுட்பம். நானே பல இடங்களில் கட்டியிருக்கிறேன். ஆனால் இதைக் கட்டியதும் பழைய சிக்கல் தீர்ந்துவிட்டதாக நினைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கீழே வழித்தடம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மேலே நீட்டப்பட்ட விலான் இன்னும் ஒரே பிராட்காஸ்ட் எல்லைதான். அதில் ஒரு மூலையில் விளையும் புயல், சுற்றுப்பாதையில் சுற்றாவிட்டாலும், எல்லா மூலைகளுக்கும் நகலெடுத்து அனுப்பப்படும். ஆகவே எது நீள வேண்டும் என்ற பட்டியலைக் குறுகலாக வைத்திருப்பதும், போர்ட் தோறும் பிராட்காஸ்ட் வரம்பு வைப்பதும் இன்றும் அவசியம்.

விஎக்ஸ்லான் கட்டும் புதியவர்கள் கண்டிப்பாக மிதிக்கும் முள் ஒன்று உண்டு. மேலுறை 50 பைட் கூடுதலாகச் சேர்க்கும். 1,500 பைட் பாக்கெட்டைச் சுமக்கக் கீழ் வலையமைப்பின் எம்டியு, அதாவது ஒரே துண்டாக அனுப்பக்கூடிய பெரும அளவு, அதற்கேற்பப் பெரியதாக இருக்க வேண்டும். பத்து இணைப்புகளில் ஒன்றில் மட்டும் அதை மாற்ற மறந்துவிட்டால் நடப்பது விசித்திரமாக இருக்கும்: சர்வருக்குள் நுழைய முடியும், சின்னக் கட்டளைகள் வேலை செய்யும், நீண்ட கோப்புப் பட்டியலைக் கேட்டவுடன் திரை உறைந்து நிற்கும். ஒரு கருவி எட்டுகிறதா என்று சோதிக்கும் பிங் எப்போதும் பதில் சொல்லும், ஏனென்றால் அது சின்னப் பாக்கெட். கீழ் வலையமைப்பின் எல்லாப் போர்ட்களிலும் விதிவிலக்கில்லாமல் 9,000-க்கு மேல் ஓர் எம்டியுவை வைத்துவிட்டு, சர்வர் பக்கத்தை 1,500-இலேயே விட்டுவிடுவது என் வழக்கம்.

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: பாதி உயிரோடு கிடக்கும் பழுது. முழுவதும் செத்த கருவியை வலையமைப்பு தானே சுற்றிக்கொண்டு போய்விடும். ஒளி வருகிறது, போர்ட் பச்சையாக எரிகிறது, பிஜிபி உறவு நிலைத்திருக்கிறது, ஆனால் ஆயிரத்தில் ஓரிரு ஃபிரேம்கள் மட்டும் கெடுகின்றன என்றால், அந்த இணைப்பை எல்லா நெறிமுறைகளும் நலமானது என்றே நம்பும்.

ஒருமுறை பயன்பாட்டுக் குழுவினர் மூன்று வாரமாகத் தொடர்ந்து சொல்லி வந்தார்கள்: தரவுத்தளத்துக்குப் போகும் கோரிக்கைகளில் சில மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கின்றன, மறுபடி முயன்றால் உடனே போகிறது. எங்கள் பக்கத்தில் பிங் சுத்தமாக இருந்தது. வலையமைப்பில் குறையில்லை என்று நாங்கள் மூன்று வாரமும் பதில் எழுதினோம். அவர்கள் சொன்னது ஒவ்வோர் எழுத்தும் உண்மை. எங்கள் சோதனைதான் தவறு. லீஃபிலிருந்து மேலே எட்டு வழிகள் இருக்கும்போது, ஒவ்வொரு இணைப்பும் எந்த வழியில் போகும் என்பதை இரு முனைகளின் ஐபி முகவரி, போர்ட் எண் (செருகுவாய் அல்ல, மென்பொருள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), நெறிமுறை ஆகியவற்றைக் கலந்து போடும் ஹாஷ் கணக்குதான் முடிவு செய்கிறது. பிங்குக்குப் போர்ட் எண் கிடையாது. ஆகவே இரண்டு குறிப்பிட்ட முகவரிகளுக்கு இடையே அது எப்போதும் ஒரே வழியில்தான் போகும். எங்கள் பிங் ஏழு நல்ல வழிகளில் ஒன்றில் விழுந்திருந்தது. பயன்பாட்டின் ஒவ்வொரு புதிய இணைப்பும் புதிய போர்ட் எண்ணோடு கிளம்பியதால், எட்டில் ஒன்று கெட்ட வழியில் விழுந்தது. மறுமுயற்சி பலித்ததற்கும் அதே காரணம்.

கெட்ட ஃபிரேம்களைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கையைப் பார்த்தால் போதும் என்று தோன்றலாம். பார்த்தோம், ஒன்றுக்குப் பதில் பதினொரு போர்ட்களில் பிழை ஏறிக்கொண்டிருந்தது. இங்கேதான் தொழிலின் இன்னொரு நுட்பம் வருகிறது. வேகமான ஸ்விட்சுகள் பல, ஃபிரேம் முழுவதும் வந்து சேரும்வரை காத்திருப்பதில்லை. தலைப்பகுதியைப் படித்ததுமே அடுத்த போர்ட்டில் அனுப்பத் தொடங்கிவிடும். பிழையைச் சரிபார்க்கும் எண்ணோ ஃபிரேமின் வால் பகுதியில் இருக்கிறது. ஃபிரேம் கெட்டது என்று தெரியவரும்போது அதன் முக்கால்வாசி போய்விட்டிருக்கும். ஆகவே ஓரிடத்தில் கெட்ட ஃபிரேம், அது போன வழியெல்லாம் பிழையாகப் பதிவாகும். குற்றமற்ற போர்ட்களும் குற்றவாளிபோல் நிற்கும். ஆற்றில் எங்கோ கலந்த சாயத்தை ஊற்றை நோக்கி நடந்து தேடுவதுபோல, ஒவ்வொரு ஸ்விட்சிலும் "இது உள்ளே வரும்போதே கெட்டு வந்ததா?" என்று கேட்டுக்கொண்டு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். சில சிப்புகள், முன்பே கெட்டதாக முத்திரை குத்தப்பட்டு வந்தவற்றைத் தனியாக எண்ணும்; எங்கள் கருவிகளில் அந்த எண்ணிக்கை இருந்ததால் அரை நாளில் மூன்றாவது ஸ்பைனின் ஒரு போர்ட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

அந்தப் போர்ட்டுக்கு வந்த ஒளியின் வலு −9 டிபிஎம். பக்கத்துப் போர்ட்களில் −2. ஏழு டெசிபெல் வேறுபாடு என்றால் ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் வருகிறது. ஆனால் எச்சரிக்கை வரம்பு அதற்கும் கீழே இருந்ததால் எந்த மணியும் அடிக்கவில்லை. ஃபைபரைக் கழற்றி அதன் முனையை ஆய்வு நுண்ணோக்கியில் வைத்தோம். சாம்பல் நிற வட்டம், அதன் நடுவே ஒளி செல்லும் மையம். சிங்கிள் மோட் ஃபைபரில் அந்த மையத்தின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்குகூட இராது. அதன் விளிம்பில், பாதி மையத்தை மறைத்தபடி, எண்ணெய்ப் பிசுக்கு போன்ற ஒரு திட்டு. யாரோ மூடியைக் கழற்றிய பிறகு விரல் பட்டிருக்கிறது. துடைக்கும் பேனாவை முனையில் வைத்து ஒருமுறை அழுத்தினோம். இரண்டாவது முறை வேறொரு பக்கத்தில். மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தபோது வட்டம் தெளிவாக இருந்தது. செருகியதும் −2.3 காட்டியது, பதினொரு போர்ட்களிலும் பிழை எண் ஒரே நொடியில் உறைந்தது. மூன்று வாரம் நாங்கள் மறுத்துக்கொண்டிருந்த புகாரின் உருவம் அவ்வளவுதான்.

அதன் பிறகு மூன்று பழக்கங்களை ஏற்படுத்தினோம். ஃபைபரைச் செருகும் முன் ஒவ்வொரு முறையும், புதிய பையிலிருந்து எடுத்தது என்றாலும், நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒளியின் வலுவை உற்பத்தியாளரின் வரம்போடு மட்டும் ஒப்பிடாமல், அதே வகைப் பக்கத்து இணைப்புகளோடும் ஒப்பிட்டு, மூன்று டெசிபெல் விலகினாலே புகார்ச்சீட்டு பதிவது. சோதனைப் பாக்கெட்டுகளைப் போர்ட் எண்ணை மாற்றி மாற்றி அனுப்பி, எல்லா வழிகளையும் தொடுவது. எதுவும் பெரிய செலவில்லை. பயன்பாட்டுக் குழு "சில நேரம் மட்டும்" என்று சொன்னால், நல்ல வழிகளுக்கு நடுவே ஒரு கெட்ட வழி இருக்கிறது என்பதே அதன் முதல் பொருள் என்று இன்று புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிறோம்.

வரைபடத்தில் இரண்டு கோடுகளாக இருப்பவை நிலத்தில் ஒன்றாக இருப்பதும் எனக்கு நீண்டகாலக் கவலை. இரண்டு மின்வழங்கிகள் உள்ள ஸ்விட்சில், இரண்டு வடங்களும் ஒரே மின்பகிர்வுப் பட்டையில் செருகப்பட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு தனி வழங்குநர்களிடம் வாங்கிய இரண்டு ஃபைபர்கள், கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரே குழாயின் வழியே வருவதும் உண்டு. ஒரு மண்வெட்டி இரண்டையும் சேர்த்து அறுக்கும். காற்றோட்டத்திலும் இது நிகழ்கிறது. சர்வர்கள் ரேக்கின் முன்பக்கம் குளிர்காற்றை உள்ளிழுத்துப் பின்பக்கம் வெப்பத்தை விடுகின்றன. ஸ்விட்சின் போர்ட்கள் சர்வரின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கும்படி பொருத்துவதால், விசிறியின் திசையைச் சரியாகக் கேட்டு வாங்காவிட்டால் ஸ்விட்ச் சர்வர்கள் கக்கிய வெப்பக் காற்றையே சுவாசிக்கும். ஒரு ரேக்கில் இணையாக வைத்த இரண்டு லீஃபுகளும் ஒரே கோடையில் ஒரே வாரத்தில் சூடேறி நின்றால், அவை இரண்டல்ல, ஒன்றுதான். எல்லா ஸ்பைன்களிலும் ஒரே நாளில் ஒரே புதிய மென்பொருளை ஏற்றுவதும் அதே தவறு. ஒன்றில் ஏற்றி, சில வாரம் ஓடவிட்டு, அதன் பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றன. நிறுவனமே பிறகு வெளியிட்ட விளக்கத்தை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். வழக்கமான பராமரிப்பின்போது, முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை அளக்க ஒரு கட்டளை இடப்பட்டது. அது எல்லா இணைப்புகளையும் இறக்கிவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. இணையப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள், தரவு மையங்களோடு பேச முடியாததால், தங்களுக்கே ஏதோ கோளாறு என்று முடிவுசெய்து தங்கள் பிஜிபி அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அவசரத்துக்கென வைத்திருந்த மாற்று வலையமைப்பும் எட்டவில்லை. பொறியாளர்களை நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. உள்ளே நுழையவும் கருவிகளைத் திறக்கவும் பாதுகாப்பு ஏற்பாடுகளே தாமதமாக்கின. ஒவ்வொரு பாகமும் தன்னளவில் நியாயமாகவே நடந்துகொண்டது என்பதுதான் இதில் என்னை அச்சுறுத்துவது. பழுதாகும் பொருளின் மீதே நின்றுகொண்டு அதைப் பழுதுபார்க்க முடியாது.

ஆகவே நிர்வாகத்துக்கான தனி வலையமைப்பில் நான் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்குத் தனி ஸ்விட்சுகள், தனி ஃபயர்வால், வெளியே போக வேறொரு வழங்குநரின் இணைப்பு, ஒவ்வொரு ரேக் வரிசைக்கும் கன்சோல் சர்வர். உள்நுழைவைச் சரிபார்க்கும் மையச் சர்வர் எட்டாதபோது வேலை செய்யும் உள்ளூர்க் கணக்கு ஒவ்வொரு கருவியிலும் இருக்க வேண்டும். அதன் கடவுச்சொல் நாம் காக்கும் அதே தரவு மையத்தில் ஓடும் பெட்டகத்தில் மட்டும் இருக்கக் கூடாது. வரைபடத்தின் ஒரு பிரதி காகிதத்தில் இருக்கட்டும். இதையெல்லாம் செலவாகப் பார்த்து வெட்டச் சொன்னவர்களோடு நான் சண்டையிட்டிருக்கிறேன், இனியும் சண்டையிடுவேன்.

இரண்டாவது தரவு மையத்துக்கு விலான்களை நீட்டக் கேட்பவர்களுக்கு என் பதில் மாறவே இல்லை: வேண்டாம். ஃபைபரில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 100 கிலோமீட்டர் தூரம் போய்வர 1 மில்லிவிநாடி. தரவை இரு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதும் தரவுத்தளம் ஒவ்வொரு முறை எழுதும்போதும் இந்த விலையைக் கொடுக்கும். அதைவிடப் பெரிய விலை, நடுவில் இணைப்பு அறும்போது இரு பக்கமும் "நானே உயிரோடிருப்பவன்" என்று முடிவுசெய்வது. பயன்பாட்டை இரு முகவரிகளில் வாழப் பழக்குவது கடினமான வேலைதான். ஆனால் அந்தக் கடினம் பகலில், திட்டமிட்ட நேரத்தில் வருகிறது.

தானியங்கு முறையைப் பற்றியும் ஒரு சொல். கருவிகளின் கட்டமைப்பை வார்ப்புருவில் எழுதி, கிட் (Git) என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் சேமித்து, இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகு ஏற்றுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கைத்தவறுகள் வெகுவாகக் குறைகின்றன. அதே நேரத்தில், ஒருவர் கையால் ஒரு ஸ்விட்சில் செய்யும் தவறு ஒரு ஸ்விட்சோடு நிற்கும். வார்ப்புருவில் செய்யும் தவறு இருநூறு ஸ்விட்சுகளுக்கு ஒரு நிமிடத்தில் போகும். அந்த முழம் நீளக் கேபிளின் புதிய வடிவம் இதுதான். ஆகவே எங்கள் ஏற்பாட்டில் முதலில் ஒரு லீஃப், பிறகு ஒரு வரிசை, பிறகு மற்றவை. ஒவ்வொரு படிக்குப் பின்னும் அண்டைக் கருவிகளின் பிஜிபி உறவுகளையும் பிழை எண்களையும் மென்பொருள் எண்ணிப் பார்க்கும். குறைந்தால் தானே நிற்கும். பத்து நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் வசதி உள்ள கருவிகளில் அதைப் பயன்படுத்தாமல் எவரும் எதையும் மாற்றுவதில்லை.

இவை எல்லாம் காகிதத்தில் இருக்கும்வரை நான் நம்புவதில்லை. ஆண்டுக்கு நான்கு முறை, எல்லாக் குழுக்களுக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, வேலை நேரத்தில் ஒரு ஸ்பைனை நிறுத்துகிறோம். முதல் முறை அதற்கு அனுமதி வாங்க எட்டு மாதம் ஆனது. அன்று காலை பதினொரு மணிக்கு, முறையாக வழித்தடங்களை விலக்காமல், இரண்டு மின்வடங்களையும் நானே பிடுங்கினேன். விசிறிகளின் ஒலி அடங்கியது. மற்ற மூன்று ஸ்பைன்களின் வரைகோடுகள் சற்றே உயர்ந்து நின்றன. ஒரு விநாடிக்குள் எல்லாம் சீராகிவிட்டது என்று நாங்கள் மூச்சு விடும்போது, பதினேழாவது ரேக்கின் தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கிருந்த சேமிப்புக் கருவிகள் முற்றிலும் அறுந்துவிட்டன. வடங்களைத் திரும்பச் செருகிவிட்டுப் போய்ப் பார்த்தோம். அந்த ரேக்கின் லீஃபிலிருந்து கிளம்பிய எட்டு ஃபைபர்களிலும் முறையான பெயர்ச்சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன: இரண்டிரண்டாக, ஒன்று முதல் நான்கு வரை. ஃபைபரில் சிவப்பு ஒளியைப் பாய்ச்சி மறுமுனையைத் தேடினோம். எட்டில் இரண்டு மட்டுமே உண்மையில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் நான் நிறுத்திய அதே ஸ்பைனில் முடிந்தன. மற்ற ஆறும் இணைப்புப் பலகை வரை வந்து, அங்கிருந்து எங்கும் போகாமல், மூடி போட்டபடி காத்திருந்தன. கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கின்றன. எட்டு இணைப்புகள் இருக்க வேண்டும் என்று கண்காணிப்புக்கு எவரும் சொல்லித்தராததால், இருந்த இரண்டையும் பார்த்து அது ஒவ்வொரு நாளும் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் ஆறு ஃபைபர்களையும் துடைத்துச் செருகினோம். ஒவ்வொரு லீஃபுக்கும் இருக்க வேண்டிய அண்டைக் கருவிகளின் பட்டியலை வரைபடத்திலிருந்தே எடுத்துக் கண்காணிப்பில் ஏற்றினோம். மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஸ்பைனை நிறுத்தியபோது, பதினேழாவது ரேக்கிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை.